நிகழ்ச்சி நிரலில் நாய் இல்லை

இதை நான் பழிவாங்குவதற்காகத்தான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடுநிலை, பெருந்தன்மை, போனால் போகட்டும் என்கிற மனசு எல்லாம் வேண்டுகிறவர்கள் வேறு பக்கம் புரட்டிக்கொள்ளலாம். முப்பத்தொன்பது மதிப்பெண் வாங்கியவளிடம் அதெல்லாம் கிடைக்காது.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, டவுன் பஸ் நிற்பதும் நிற்காததும் கண்டக்டரின் மனநிலையைப் பொறுத்த ஓர் இடத்தில், ஞானோதயக் கலைக் கல்லூரி இருந்தது. 1989ஆம் வருடம் அங்கே பி.ஏ. இதழியல் தொடங்கினார்கள். தொடங்கியதற்குக் காரணம் தாளாளருக்குப் பத்திரிகைகள் மேல் இருந்த கோபம். கல்லூரி விழாச் செய்தியில் அவருடைய படத்தைத் தபால்தலை அளவுக்குப் போட்டுவிட்டார்களாம். "நம்மளே நிருபர்களை உண்டாக்கிருவோம். பொறவு எவன் நம்ம போட்டோவைச் சுருக்குதான்னு பாப்போம்" என்று ஆட்சிக் குழுவில் சொன்னார். இவ்வளவு தெளிவான நோக்கத்தோடு தொடங்கப்பட்ட படிப்பு வேறெங்கும் இருந்திருக்காது.

அந்தப் படிப்பில் சேர்ந்த முதல் ஒன்பது பேரில் நானும் ஒருத்தி. பெயர் வேலுத்தாய். அம்மா இசக்கியம்மாள் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக் கொட்டகையில் வேலை பார்த்தாள். தறிச் சத்தத்தில் காது பாதி போனதால் எதையும் உரக்கத்தான் சொல்லுவாள். "எம் மக பேப்பருக்குப் படிக்கா" என்று அவள் சொன்னது சோழபுரம் வரைக்கும் கேட்டிருக்கும்.

எங்கள் துறைத்தலைவர் பேராசிரியர் தனுஷ்கோடி. படித்தது வரலாறு. இதழியலில் அவருக்கு இருந்த தகுதி, பன்னிரண்டு வருடமாகக் கல்லூரி விழாச் செய்திகளை மதுரைக்கு அனுப்பிவந்தது.

அப்போதெல்லாம் எங்கள் பக்கத்துச் செய்திகள் பஸ்ஸில்தான் போகும். எழுதி, நீள உறையில் போட்டு, மேலே பத்திரிகையின் பெயரை எழுதி, மாலை மூன்றரை மணி மதுரை பஸ்ஸில் டிரைவரிடம் கொடுத்துவிட வேண்டும். மதுரையில் பத்திரிகை ஆபீஸ் ஆள் வந்து வாங்கிக்கொள்வார். மூன்றரை பஸ்ஸை விட்டால் மறுநாள் பேப்பரில் செய்தி கிடையாது. ஆனால் விழாக்கள் ஐந்து மணிக்குத்தான் தொடங்கும். இந்தச் சிக்கலைத் தனுஷ்கோடி சார் சுலபமாகத் தீர்த்து வைத்திருந்தார். மத்தியானம் இரண்டு மணிக்கே அழைப்பிதழைப் பார்த்து விழாவை எழுதிவிடுவார். அழைப்பிதழில் வரவேற்புரை என்று இருந்தால் 'வரவேற்றார்'. நன்றியுரை என்று இருந்தால் 'நன்றி கூறினார்'. சிறப்புரை என்று இருந்தால் 'எழுச்சியுரை ஆற்றினார்'. பன்னிரண்டு வருடத்தில் அவர் ஒரு விழாவுக்கும் போனதில்லை. ஒரு செய்தியும் தவறியதில்லை.

இதையே எங்களுக்கு மூன்று வருடப் பாடமாக நடத்தினார்.

"பத்திரிகைக்காரன் சம்பவ எடத்துக்குப் போகவே கூடாது. போனா கண்ணுல எதாவது படும். பட்டா எழுதணும்னு தோணும். எழுதுனா வம்பு" என்பது முதல் பாடம். இரண்டாவது பாடம் இது: "மொதப் பத்தியில யாரு தலைமைன்னு போடு. கடைசிப் பத்தியில யாரு நன்றின்னு போடு. அந்த ரெண்டத்தான் ஆளுக படிப்பாக. நடுவுல நீ என்ன எழுதுனாலும் ஒருத்தரும் படிக்க மாட்டாக. எம்புட்டு வருசமா எழுதுதேன், எனக்குத் தெரியாதா?"

இந்த இரண்டாவது பாடத்தை நான் அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டேன்.

1991 ஜனவரியில் கல்லூரி நாள் விழா. விழாவைச் செய்தியாக எழுதுவதுதான் எங்களுக்குச் 'செய்தி எழுதுதல்' தாளின் தேர்வு. சிறப்பு விருந்தினர் ஓர் ஓய்வுபெற்ற நீதிபதி. அவருடைய கார் கிருஷ்ணன்கோவிலில் ரேடியேட்டர் கொதித்து நின்றுபோனது. நீதிபதி அங்கேயே ஒரு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார். இங்கே மேடையில் நடு நாற்காலி காலியாகக் கிடந்தது. தாளாளரின் நாய் சீசர் ஏறி அதில் உட்கார்ந்துகொண்டது.

சீசர் அசல் ராஜபாளையத்து நாய். பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, ஒருவரையும் மதிக்காத முகம். தாளாளரின் நாயை விரட்ட யாருக்குத் துணிச்சல் உண்டு? தாளாளரோ தலைமையுரையை மனப்பாடம் செய்வதில் மும்முரமாக இருந்தார். முதல்வர் வைகுண்டராஜ் வரவேற்புரையைத் தாளில் இருந்தபடியே வாசித்தார். "நம்மிடையே வீற்றிருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே" என்ற இடத்தில் நடு நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு சிறப்புரைக்கு நிகழ்ச்சி நிரலில் நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். நாற்பது நிமிடமும் கூட்டம் அமைதியாக இருந்தது. நாயும் அமைதியாக இருந்தது. அது முடிந்ததும் கைதட்டினார்கள்.

மற்ற எட்டுப் பேரும் நீதிபதி எழுச்சியுரை ஆற்றியதாக எழுதினார்கள். நான் நாயை எழுதினேன். நூற்றுக்கு நாற்பது எடுத்தால் தேர்ச்சி. தனுஷ்கோடி சார் எனக்கு முப்பத்தொன்பது போட்டு, கீழே சிவப்பு மையில் ஒரு வரி எழுதியிருந்தார்: 'நிகழ்ச்சி நிரலில் நாய் இல்லை.'

போய்க் கேட்டேன்.

"சார், நாய் இருந்துச்சே சார்."

"இருந்துச்சா? நான் வரலையே."

"நான் பாத்தேன் சார்."

"அதாம்மா ஒங்கிட்ட உள்ள கோளாறே. நீ பாத்துட்டு எழுதுத. பாக்காம எழுதப் படிக்கத்தான ஒங்கப்பன் ஆத்தா இங்க அனுப்பிருக்காக?"

ஆறு மாதம் கழித்து அதே தாளை மறுபடி எழுதினேன். அதே விழா. இந்த முறை நாயை எடுத்துவிட்டு, நீதிபதியை நாற்காலியில் உட்காரவைத்து, எழுச்சியுரை ஆற்றவைத்தேன். அறுபத்தெட்டு வந்தது. முப்பத்தொன்பது வந்தபோது நான் அழவில்லை. அறுபத்தெட்டு வந்த அன்றைக்குத்தான் அழுதேன். என் பழிவாங்கலுக்குக் காரணம் முப்பத்தொன்பது என்று இதுவரை நினைத்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். காரணம் அந்த அறுபத்தெட்டு.

மூன்றாம் வருடம் முடியப்போகும்போதுதான் எங்களுக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. படிப்புக்குப் பல்கலைக்கழகம் தந்திருந்தது தற்காலிக அனுமதி மட்டும். மதிப்பீட்டுக் குழு நேரில் வந்து பார்த்து, படிப்பு சரியாக இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தால்தான் பட்டம். முதல் வருடமே வந்திருக்க வேண்டிய குழு மூன்றாம் வருடம் மார்ச் மாதம்தான் வருவதாகக் கடிதம் போட்டது.

அதே வாரத்தில் பிச்சை முகம்மது அண்ணன் வீட்டுக்கே வந்தார். பழைய பஸ் ஸ்டாண்டு அருகே பேப்பர் ஏஜென்சியும் பழைய பேப்பர் கடையும் வைத்திருந்தவர் அவர். மதுரைப் பத்திரிகை ஒன்றுக்கு எங்கள் ஊர் நிருபரும் அவர்தான். நான் எழுதிய இரண்டு செய்திகளைத் தன் உறைக்குள் வைத்து அனுப்பியிருந்தார். இரண்டும் வந்திருந்தன.

"தங்கச்சி, மதுரை ஆபீஸ்ல சப்-எடிட்டர் வேலைக்கு ஒன்னையக் கேக்காக. ஆனா ஜூன் முடியுறதுக்குள்ள பட்டம் வேணுமாம்" என்றார்.

அம்மாவுக்கு அதை இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. காதில் விழுந்ததும் அவள் கேட்டாள்: "அந்தக் குழுக்காரவுக பட்டம் தருவாகளா மாட்டாகளா? அதச் சொல்லுட்டி மொதல்ல."

எனக்குத் தெரியவில்லை. எங்கள் துறையைப் பற்றித் தெரிந்த எவரும் தரமாட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

கல்லூரி ஏற்பாடுகளில் இறங்கியது. பல்கலைக்கழகம் அனுப்பிய படிவத்தில் நூலகம், இருட்டறை, தொலை அச்சு இயந்திரம் என்று மூன்று இனங்கள் இருந்தன. எங்களிடம் மூன்றுமே இல்லை.

நூலகத்துக்குப் பிச்சை முகம்மது அண்ணன் கடையிலிருந்து நானூறு கிலோ பழைய பேப்பரை வாங்கி, மாதம் மாதமாகக் கட்டி அடுக்கினார்கள். "பலசரக்குக் கடைக்காரர் ஒருத்தருக்குச் சொல்லி வச்ச சரக்கும்மா இது. குழு போன மறுநாள் திருப்பித் தந்துரணும்" என்று அண்ணன் பல தடவை சொல்லிவிட்டுப் போனார்.

இருட்டறை என்பது போட்டோ கழுவும் அறை. பழைய விடைத்தாள்கள் போட்டுவைத்திருந்த அறையைக் காலிசெய்து, நாங்கள் ஒன்பது பேரும் நாலு சுவரிலும் கதவிலும் கறுப்புப் பெயிண்ட் அடித்தோம். "கேமரா எங்க சார்?" என்று கேட்டதற்கு, "படிவத்துல இருட்டுதான கேட்டிருக்காக, கேமரா கேக்கலையே" என்றார் முதல்வர் வைகுண்டராஜ்.

தொலை அச்சு இயந்திரம்தான் அவர்களைக் கொஞ்சம் வாட்டியது. டெலிபிரிண்டர் என்றால் தூரத்துச் செய்தியைத் தானே தட்டித் தரும் இயந்திரம். தனுஷ்கோடி சார் ஒரு நாள் முழுக்க யோசித்து, கல்லூரி ஆபீஸின் டெலிபோனையும் தமிழ் டைப்ரைட்டரையும் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒரு வயரால் கட்டினார்.

மூன்று பேர் வந்தார்கள். தலைவர் டாக்டர் சோணைமுத்து, விலங்கியல் பேராசிரியர், அட்டைப் பூச்சிகளில் ஆராய்ச்சி செய்தவர். செண்பகத்தோப்புக் காட்டில் ஒரு வகை அட்டை இருப்பதாகக் கேள்விப்பட்டு, அதற்காகவே இந்தக் குழுவுக்கு ஒப்புக்கொண்டதாக அவரே சொன்னார். கார் டிக்கியில் ஒரு டஜன் கண்ணாடி ஜாடிகள் இருந்தன. இரண்டாவது ஆள் மலைச்சாமி, ஓய்வுபெற்ற துணைப் பதிவாளர். இதுவரை இருபத்தேழு குழுக்களில் இருந்தவர். எந்தக் குழு எதற்கு என்று கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை. மூன்றாவது ஜெயபாய் மேடம், வேறொரு கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியை. அவர் யாரிடமும் எதுவும் பேசாமல் அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார்.

முதல் நாள் முழுவதும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தரிசனத்திலும் பால்கோவாவிலும் போனது. அது 'சுற்றுப்புறச் சூழல் ஆய்வு' என்று பதிவாகியிருக்கிறது. இரண்டாம் நாள் காலையில் மதிப்பீடு தொடங்கியது.

நூலகத்தில் மலைச்சாமி ஒரு கட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"நான் பேப்பர் படிக்கிறதே கெடையாது தம்பி. படிச்சா பாரபட்சம் வந்துரும்லா? இருவது வருசமா ஒரு எழுத்துப் படிக்கல. அதனாலதான் என்னைய எல்லாக் குழுவுலயும் போடுதாக" என்றார்.

டெலிபிரிண்டர் மேசைக்கு வந்ததும் அவரே கேட்டார். "ரெண்டுக்கும் நடுவுல வயர் இருக்கா?"

"இருக்கு சார்" என்றார் தனுஷ்கோடி.

"அப்ப எழுதிக்கிடுங்க."

இருட்டறைக்குள் டாக்டர் சோணைமுத்துவே போனார். இருட்டைக் கதவைச் சாத்திவிட்டுத்தானே பார்க்க முடியும்? உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார். முந்தின நாள் அடித்த பெயிண்ட் காயாததால் கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. உள்ளேயிருந்து அவர் தட்டினார். "சார் இருட்டச் சோதிக்காக" என்று முதல்வர் எங்களை அமைதியாக இருக்கச் சொன்னார். பிறகு தட்டல் உதையாக மாறியது. வாட்ச்மேன் கருத்தையா கடப்பாறை கொண்டுவந்து நெம்பியதும் தலைவர் வெளியே வந்தார். வெள்ளை சஃபாரி சட்டையில் பத்து விரலும் பதிந்திருந்தன. நெற்றியில் ஒரு கறுப்புப் பட்டை. அதே கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இருட்டு திருப்திகரம்" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் ஒன்பது பேரையும் உட்காரவைத்து அவர் உரையாற்றினார். நேர்காணல் என்று படிவத்தில் இருந்தது. ஆனால் அவர் எங்களை எதுவும் கேட்கவில்லை.

"மாணவச் செல்வங்களே, எனக்கு இதழியல் தெரியாது. அட்டை தெரியும். அட்டை கடிச்சா வலிக்காது. ஏன்? கடிக்கிறதுக்கு முன்னாடி மரத்துப்போக வைக்கிற ஒரு திரவத்தை அது செலுத்திருது. நல்ல பத்திரிகையாளனும் அப்படித்தான் இருக்கணும். யாருக்கும் வலிக்கக் கூடாது. வயிறு நெறைஞ்சதும் தானா விழுந்துரணும். ஒங்க துறைத்தலைவர் பதினஞ்சு வருசமா செய்தி எழுதி ஒருத்தருக்கும் வலிச்சதில்லைன்னு கேள்விப்பட்டேன். இதைவிட என்ன தரம் வேணும்?"

தனுஷ்கோடி சார் கண்கலங்கினார். அது நெஞ்சிலிருந்து வந்த கண்ணீர் என்பதை நான் மறுக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மதிப்பீடு முடிந்தது. அவர்கள் சாப்பிட்டுவிட்டு விருந்தினர் அறையில் படுத்தார்கள். வெயில் சாய்வதற்குள் செண்பகத்தோப்புக்குப் போக வேண்டும் என்பதால் மூன்று மணிக்கு அறிக்கை தயாராக இருக்க வேண்டும் என்று தலைவர் சொல்லியிருந்தார். அறிக்கையை எழுதவேண்டியது குழு. ஆனால் குழுக்களின் அறிக்கையை அந்தந்தக் கல்லூரியே எழுதிக் கொடுப்பதுதான் மரபு என்று மலைச்சாமி விளக்கினார். இருபத்தேழு குழுவிலும் அப்படித்தானாம். அறிக்கை தமிழில் இருக்க வேண்டும் என்று அந்த வருடம் ஒரு சுற்றறிக்கை வேறு வந்திருந்தது. கல்லூரியில் தமிழ் டைப் அடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

தனுஷ்கோடி சார் ஒரு தாளை என் கையில் கொடுத்தார்.

"ஏம்மா வேலுத்தாய், குழுவோட நிகழ்ச்சி நிரல் இந்தா. இதப் பாத்து எழுதிரு. பார்வையிட்டனர், பாராட்டினர், பரிந்துரைத்தனர். பழைய கூத்தெல்லாம் கட்டக் கூடாது, சரியா? ஒம் பட்டமும் இதுலதான் இருக்கு."

அவர் சொன்னது சரி. உண்மையை எழுதினால் ஒன்பது பேரின் பட்டமும் போகும், மதுரை வேலையும் போகும். பொய்யை எழுதினால் பட்டம் வரும். அதோடு தனுஷ்கோடி சாரும் வருடா வருடம் வருவார், அடுத்த வருடத்துப் பிள்ளைகளுக்கு, அதற்கடுத்த வருடத்துப் பிள்ளைகளுக்கு. டெலிபிரிண்டரிலிருந்து வயரை அவிழ்த்துவிட்டு டைப்ரைட்டரை என் பக்கம் இழுத்தேன். இரண்டாவது தடவையும் நாயை வெளியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

முதல் பத்தியை அவர் சொல்லிக்கொடுத்தபடி எழுதினேன். 'டாக்டர் சோணைமுத்து தலைமையிலான குழு இப்படிப்பைப் பார்வையிட்டு மிக்க மகிழ்ச்சி அடைந்தது.' கடைசிப் பத்தியையும் அவர் சொல்லிக்கொடுத்தபடி எழுதினேன். 'அன்பான உபசரிப்புக்காகத் தாளாளர், முதல்வர், துறைத்தலைவர் தனுஷ்கோடி ஆகியோருக்குக் குழு மனமார்ந்த நன்றி கூறுகிறது.' நடுவில் ஒன்பது பக்கம். அதில் நான் பார்த்ததை எழுதினேன். நானூறு கிலோ பேப்பர் எந்தக் கடையிலிருந்து வந்தது, என்றைக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதை எழுதினேன். வயரை எழுதினேன். இருட்டறையையும் கடப்பாறையையும் எழுதினேன். அழைப்பிதழ் பாடத்தை எழுதினேன். சீசரை எழுதினேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஒன்பதாம் பக்கத்தில் பரிந்துரைகள் மூன்று. ஒன்று, பிள்ளைகள் மேல் குற்றமில்லை என்பதால் ஒன்பது பேருக்கும் பட்டம் உடனே தரப்பட வேண்டும். இரண்டு, இந்தத் துறையில் பாடம் நடத்துகிற எவரும், துறைத்தலைவர் உட்பட, 'செய்தி எழுதுதல்' தாளை எழுதித் தேர்ச்சி பெற்ற பிறகே வகுப்பெடுக்க வேண்டும். மூன்று, அந்தத் தாளுக்குக் கேள்வி தருவதும் திருத்துவதும் இதழியல் பட்டம் பெற்று நாளிதழில் வேலை பார்க்கிற, இம்மாவட்டத்துக்காரர் ஒருவராக இருக்க வேண்டும். மூன்றாவதை அடிக்கும்போது என் மனதில் ஒரே ஒரு முகம்தான் இருந்தது. என் முகம். இது முறையா என்று கேட்டால், முறையில்லை. அடித்தேன்.

மூன்று மணிக்குத் தனுஷ்கோடி சார் அறிக்கையை வாங்கினார். முதல் பத்தியைப் படித்தார். கடைசிப் பத்தியைப் படித்தார். தன் பெயருக்கு முன்னால் 'பேராசிரியர்' சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.

கார் பானட்டின் மேல் வைத்துத் தலைவர் கையெழுத்துப் போட்டார். "படிச்சுப் பாக்கலையா சார்?" என்று முதல்வர் ஒப்புக்குக் கேட்டார்.

"படிச்சா ஒங்களை நம்பலைன்னு ஆயிரும். படிக்காமப் போடுறதுதான் மரியாதை" என்று தலைவர் எல்லாப் பக்கத்திலும் போட்டார். அடுத்து மலைச்சாமி போட்டார். அவர் எழுத்துள்ள பக்கத்தைப் பார்க்காமலே கையெழுத்து இடத்தைக் கண்டுபிடிக்கிற அளவுக்குப் பழகியவர்.

ஜெயபாய் மேடம் மட்டும் படித்தார். முதல் பக்கம் படித்தார், இரண்டாம் பக்கம் படித்தார், ஐந்தாம் பக்கத்தில் நின்றார். இவ்வளவுதான், அம்மாவிடம் போய் எப்படிச் சொல்வது என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

"யாரும்மா டைப் அடிச்சது?"

"நாந்தான் மேடம்."

"இங்க வா." தாளைக் காட்டி, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார். "தலைவர் உள்ள மாட்டுனது அஞ்சு நிமிசம்னு போட்டிருக்க. ஏழு நிமிசம். நான் வாட்ச் பாத்தேன். திருத்திரு."

பேனாவால் ஐந்தை ஏழாக்கினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

பல்கலைக்கழகத்தில் அந்த அறிக்கை ஆட்சிமன்றக் கூட்டத்தில் நூற்றுப் பதினாலாவது பொருளாக வந்ததாம். ஒன்று முதல் நூற்று நாற்பத்தாறு வரை ஒட்டுமொத்தமாக நிறைவேற்றிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். ஜூன் இரண்டாம் வாரம் உத்தரவு வந்தது. 'குழுவின் பரிந்துரைகள் அனைத்தும் அப்படியே ஏற்கப்படுகின்றன.' கூடவே அறிக்கையின் நகல், சீசர் உட்பட.

நான் சான்றிதழ் வாங்கப் போன அன்று முதல்வர் அறைக்கதவு திறந்திருந்தது. உள்ளே தனுஷ்கோடி சார் நின்றுகொண்டிருந்தார்.

"சார், இது அநியாயம். நான் பரீட்ச எழுதணுமாம். இத எழுதுனது குழுவே இல்லன்னு பல்கலைக்கழகத்துக்கு ஒரு லெட்டர் போடுவோம் சார்."

"போடலாம்" என்றார் வைகுண்டராஜ். "குழு எழுதலைன்னா பொறவு யாரு எழுதுனதுன்னு கேப்பாக. நாமன்னு சொல்லணும். சொன்னா படிப்பே போயிரும், தாளாளர் என்னையத் தூக்கிருவாரு. குழுதான் எழுதுச்சுன்னு இருந்தா, நீங்க ஒரு பரீட்ச எழுதுனாப் போதும்." அறிக்கையின் நகலை மூடிவைத்தார். "எழுதிருங்களேன். நீங்க நடத்துன பாடந்தான?"

தனுஷ்கோடி சார் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வணக்கம் சொன்னேன்.

மதுரையில் வேலையில் சேர்ந்தேன். சாயங்காலம் பஸ்களில் வந்து சேரும் உறைகளைப் பிரிப்பதுதான் முதல் வேலை. ஆறு மணி விழாவில் பேசியவர்களின் பேச்சு எல்லாம் ஐந்தரைக்கே என் மேசைக்கு வந்துவிடும். அம்மா ஊரில் என் வேலையைப் பற்றிச் சொல்வது மதுரைக்கே கேட்டதாகப் பிச்சை முகம்மது அண்ணன் சொன்னார்.

அக்டோபரில் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம். இதழியல் பட்டம் பெற்று நாளிதழில் வேலை பார்க்கிற இம்மாவட்டத்துக்காரர் ஒரே ஒருவர்தான் இருப்பதாகவும், அவர் கேள்வித்தாள் தந்து திருத்தியும் உதவ வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். உதவினேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். 'இன்று காலை பத்து மணி முதல் பத்தரை மணி வரை இந்தத் தேர்வு அறையில் நடந்ததைச் செய்தியாக எழுதுக.' இதைவிடச் சுலபமான கேள்வி உலகத்தில் இருக்க முடியாது. கண் இருந்தால் போதும்.

நவம்பரில் விடைத்தாள் வந்தது. எழுதியது ஒருவர் மட்டும் என்பதால் யாருடையது என்ற ரகசியத்துக்கு இடமில்லை. உறைக்குள் அறை மேற்பார்வையாளரின் குறிப்பும் இருந்தது. வெளியூரிலிருந்து மேற்பார்வைக்கு வந்தவர் ஜெயபாய் மேடம். அவர் எழுதியிருந்தார்: 'காலை 10.12க்குத் தாளாளரின் நாய் அறைக்குள் வந்தது. தேர்வர் எழுந்து நின்றார். நாய் தேர்வரின் நாற்காலியில் அமர்ந்தது. 10.31 வரை தேர்வர் நின்றபடியே எழுதினார். 10.31க்கு நாய் தானாக வெளியேறியது.'

விடைத்தாளைப் பிரித்தேன். முதல் சில வரிகளைத் தவிர முதல் பக்கம் கோணல் மாணலாக இருந்தது. குனிந்து நின்று எழுதிய எழுத்து. ஒரு பக்கத்துக்குப் பிறகு நேராகிவிட்டிருந்தது.

'ஞானோதயக் கலைக் கல்லூரியில் செய்தி எழுதுதல் தேர்வு சீரும் சிறப்புமாக நடைபெற்றது. தாளாளர் தலைமை தாங்கினார். முதல்வர் வைகுண்டராஜ் முன்னிலை வகித்தார். தேர்வர்கள் திரளாகக் கலந்துகொண்டு தத்தம் இருக்கைகளில் அமர்ந்து எழுச்சியுடன் எழுதினர். இறுதியில் பேராசிரியர் தனுஷ்கோடி நன்றி கூற, நாட்டுப்பண்ணுடன் தேர்வு இனிதே நிறைவுற்றது.'

ஒரு நிமிடம் எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஐம்பது வயது மனிதர், தன் நாற்காலியை நாய்க்குக் கொடுத்துவிட்டுப் பத்தொன்பது நிமிடம் குனிந்து நின்று, 'அமர்ந்து எழுதினர்' என்று எழுதியிருக்கிறார். நாற்பது போட்டுவிடலாமா என்று நினைத்தேன். பேனாவைக்கூட எடுத்தேன். அப்போது அந்த அறுபத்தெட்டு நினைவுக்கு வந்தது.

சிவப்புப் பேனாவாக மாற்றிக்கொண்டேன். முப்பத்தொன்பது என்று எண்ணாலும் எழுத்தாலும் போட்டு, கீழே ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டேன்.

'நிகழ்ச்சி நிரல் இருக்கிறது. நாய் இல்லை.'